‘தோலெதோத்’துக்கு ஒரே தமிழ்ச் சொல் வேண்டும்: உதவுங்கள்

பைபிளின் முதல் நூலான ஆதியாகமத்தின் அமைப்பை விளக்கும் பாடக்குறிப்பு ஒன்றைத் தயாரிக்கிறோம். அதன் பகுதிகளுக்குத் தலைப்பாக வரும் எபிரேயச் சொல்தான் ‘தோலெதோத்’. எபிரேயர் இந்நூலை முதல் சொல்லாலேயே ‘பெரெஷீத்’ என்பார்கள். ‘கெனெசிஸ்’ கிரேக்கப் பெயர். 2:4இல் தோலெதோத்துக்குக் கிரேக்க மொழிபெயர்ப்பு தந்த சொல்லும் அதுதான். ஆகவே தோலெதோத்தை நழுவவிட மனம் வரவில்லை.

‘இவையே ... தோலெதோத்’ என்ற வகைத் தலைப்பு 11 இடங்களில் வருகிறது: 2:4, 5:1, 6:9, 10:1, 11:10, 11:27, 25:12, 25:19, 36:1, 36:9, 37:2. வேர்ச்சொல்லுக்குப் ‘பிள்ளை பெறுதல்’ என்று பொருள். 37:2இல் யாக்கோபின் பெயர் இருக்கிறது, தொடர்வதோ யோசேப்பின் கதை. அதாவது, ஒருவரிடமிருந்து பிறந்தது, விளைந்தது.

‘வம்சவரலாறு’ 5:1க்குப் பொருந்தும். 2:4 சொல்வதோ வானம் பூமியின் தோலெதோத்; வானத்துக்கும் பூமிக்கும் ஏது வம்சம்? ‘வரலாறு’ என்றால் பிறப்பு என்ற பொருளே போய்விடுகிறது. இடத்துக்கு ஒரு சொல் போட்டால் 11 தலைப்புகளும் ஒரே சரடு என்பது வாசகருக்குத் தெரியாது. ‘வழிவந்தவை’ சரிவருமா?

இன்னொன்று: 2:4இன் முதல் பாதி முந்தைய படைப்புக் கதையின் முடிவா, அடுத்ததன் தலைப்பா? மற்ற இடங்களைப் பார்த்தால் தலைப்பு என்றே தோன்றுகிறது. எபிரேயம் கற்றவர்கள் காரணத்தோடு சொல்லுங்கள்.