வேகமா, எடையா? விலை உயர்ந்த லேப்டாப் வாங்கியவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

இரண்டு லட்சத்துக்கு மேல் போட்டு ஒரு லேப்டாப் வாங்கப் போகிறேன். வேலை கல்யாண வீடியோ எடிட்டிங். இரண்டைப் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று 16 அங்குலம், 2.8 கிலோ, கிராபிக்ஸ் சிப் பெரியது. இன்னொன்று 14 அங்குலம், 1.6 கிலோ, கிராபிக்ஸ் ஒரு படி கீழே. வீடியோ விமர்சனங்களைப் பார்க்கப் பார்க்கக் குழப்பம்தான் கூடுகிறது. வாங்கி உழைத்தவர்கள் நடந்ததைச் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

———

தம்பி, நானும் கல்யாண வீடியோதான், மதுரைப் பக்கம். நீங்கள் சொல்லும் அந்தப் பெரிய வகையைத்தான் மூன்று வருஷத்துக்கு முன் வாங்கினேன், அதனால் விவரமாகவே சொல்கிறேன்.

கடையில் 2.8 கிலோ என்றார்கள். தூக்கிப் பார்த்தேன், பரவாயில்லை என்று தோன்றியது. அந்தக் கணக்கில் சார்ஜர் சேரவில்லை. 330 வாட் சார்ஜர் ஒரு செங்கல் அளவு இருக்கும். ஒருநாள் தெருமுனை மளிகைக் கடைத் தராசில் இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தேன், நாலு கிலோவைத் தாண்டியது. அதோடு இரண்டு கேமரா, மூன்று லென்ஸ், கேமரா ஆடாமல் பிடிக்கும் கிம்பல், பேட்டரிகள் எல்லாம் ஒரே தோளில். ஒரு கல்யாண சீசன் முடிவதற்குள் வலது தோளில் வலி வந்து, பையை இடது பக்கம் மாற்றி, பிறகு அந்தப் பக்கமும் வலி வந்தது.

எடையைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். மண்டபத்தில் நடந்ததுதான் என் எண்ணத்தை மாற்றியது. காலையில் முகூர்த்தம், மாலையில் ரிசப்ஷன், காலையில் எடுத்ததை நாலு நிமிஷ வீடியோவாக வெட்டி மாலையில் எல்இடி திரையில் ஓட்ட வேண்டும். இந்த வேலை செய்கிற எல்லோருக்கும் தெரியும், மண்டபத்தில் ஒரு நல்ல பிளக் பாயின்ட் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று. மணப்பெண் அறையில் மேக்கப் செய்பவரின் ஹேர் டிரையர், மாப்பிள்ளை அறையில் அயர்ன் பாக்ஸ், மேடைப் பக்கம் போனால் மைக் செட்காரர். சாப்பாட்டுக் கூடத்துக்குப் பின்னால், ஸ்டோர் ரூமுக்குப் பக்கத்தில் ஒரு ஜங்ஷன் பாக்ஸைப் பிடித்து உட்கார்ந்தேன். சித்திரை மாதம், அங்கே ஏசி கிடையாது. மூன்றரை மணிக்குக் கரண்ட் போனது. ஜெனரேட்டர் ஓடியது, ஆனால் அதில் மேடையும் கூடமும்தான் இணைத்திருந்தார்கள், நான் இருந்த பக்கம் இல்லை. பேட்டரிக்கு மாறியதும் எக்ஸ்போர்ட், அதாவது வெட்டியதை முழு வீடியோ ஃபைலாக ஆக்கும் வேலை, ஊர ஆரம்பித்தது. காலையில் பத்து நிமிஷத்தில் முடிந்த அளவு வேலை, அரைமணி ஆகியும் பாதியைத் தாண்டவில்லை.

இது அந்த லேப்டாப்பின் கோளாறு என்று அப்போது நினைத்தேன். அது கோளாறே இல்லை, சாதாரணக் கணக்கு. முழு வேகத்தில் ஓடும்போது சிபியூவும் கிராபிக்ஸும் சேர்ந்து 180 வாட் இழுக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். பேட்டரியோ 90 வாட்-அவர், அதாவது 90 வாட்டை ஒரு மணி நேரம் கொடுக்கும் அளவு. அரைமணியில் காலி. அவ்வளவு மின்சாரத்தை அந்த வேகத்தில் கொடுக்கவும் பேட்டரியால் முடியாது, அதனால் லேப்டாப்பே சிப்பின் வேகத்தைக் குறைத்துவிடும். இன்னும் பெரிய பேட்டரி வைக்கலாமே என்றால், விமானத்தில் தனி அனுமதி இல்லாமல் கொண்டுபோக 100 வாட்-அவர்தான் வரம்பு. பெரிய லேப்டாப்களில் 99, 99.9 என்று போட்டிருப்பது அதனால்தான். ஆக, விலை கொடுத்து வாங்கிய அந்த வேகம் சுவர் பிளக் இருக்கும் இடத்தில் மட்டும்தான் நமக்கு. ஆப்பிள் சிப் உள்ள மேக்புக் ப்ரோவில் பேட்டரியிலும் ஏறக்குறைய அதே வேகம் கிடைக்கும். அதனால்தான் வெளியில் போய் எடிட் செய்பவர்கள் பலர் அதற்கு மாறினார்கள்.

அடுத்ததை நான் தெரிந்துகொள்ள ரொம்ப நாள் ஆனது. புது கேமரா வாங்கி எச்.265 என்ற வீடியோ சுருக்கும் முறையில், 10 பிட், 4:2:2 என்ற நிற அமைப்பில் எடுக்க ஆரம்பித்தேன். நிறத் தகவல் கூடுதலாக இருப்பதால் பட்டுப்புடவையின் அரக்கும் தங்கச் சரிகையும் கலர் கரெக்‌ஷனில் உடையாமல் நிற்கும். ஆனால் என் பெரிய லேப்டாப்பில் அந்த வீடியோ திக்கித் திக்கித்தான் ஓடியது. விசிறி ஊளையிடும், டைம்லைன் நகராது. என்னோடு வந்த தம்பியிடம் ஒன்றரை கிலோகூட இல்லாத ஒரு லேப்டாப், தனி கிராபிக்ஸே கிடையாது, அதில் அதே ஃபைல் வழுக்கிக்கொண்டு ஓடியது. பார்த்துவிட்டுப் பேச்சே வரவில்லை. காரணம், வீடியோவைப் பிரித்துக் காட்ட சிப்புக்குள் தனியாக ஒரு பகுதி இருக்கிறது. இன்டெல் 11ஆம் தலைமுறையிலிருந்து அதன் உள் கிராபிக்ஸில் இந்த எச்.265 4:2:2-க்கு வழி இருக்கிறது, ஆப்பிளில் எம்1 முதலே இருக்கிறது, தனி கிராபிக்ஸ் சிப் செய்யும் என்விடியாவில் 2025இல் வந்த ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில்தான் வந்தது. அந்தப் பகுதி இல்லாவிட்டால் மொத்தச் சுமையும் சிபியூ தலையில் விழும். 12 ஜிபி கிராபிக்ஸ் மெமரி பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருக்கும்.

இப்போது வீட்டில் ஒரு டெஸ்க்டாப், கையில் 1.6 கிலோ 14 அங்குலம். மண்டபத்தில் முதலில் ப்ராக்ஸி போட்டுவிடுவேன், அதாவது சின்ன அளவு நகல்களை உருவாக்கி அவற்றை வைத்து வெட்டுவது. முழு நீள வீடியோவும் கலர் வேலையும் வீட்டில். ராமை மட்டும் முதலிலேயே 32 ஜிபி வாங்குங்கள், மெல்லிய லேப்டாப்களில் பெரும்பாலும் போர்டிலேயே சால்டர் செய்திருப்பார்கள், பிறகு கூட்ட முடியாது. என் பெரிய லேப்டாப் தங்கை வீட்டு மேஜையில் இருக்கிறது. மேஜையில் வைத்தால் அருமையான மெஷின் அது, அதையும் சொல்ல வேண்டும்.

———

அண்ணா சொன்னது அவர் வேலைக்குச் சரி, என் நிலைமை நேர் எதிர். நான் ஆர்க்கிடெக்ட், கோயம்புத்தூரில் ஹாஸ்டல் அறை. கட்டில், பீரோ, ஒரு குட்டி மேஜை, அவ்வளவுதான் இடம். டெஸ்க்டாப் வைக்க வழியே இல்லை. முதலில் எடையைப் பார்த்து ஒரு மெல்லிய லேப்டாப் வாங்கினேன். கிராபிக்ஸ் பெயர் நன்றாகத்தான் இருந்தது, என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4070. பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் ஒரு வீட்டின் உள்புறத்தை ரெண்டர் போட்டால், அதாவது நிஜப் படம் போல உருவாக்கினால், முதல் சில நிமிஷம் பறக்கும், அப்புறம் சூடேறி வேகம் இறங்கி அப்படியே கிடக்கும். கிளையண்டுக்குக் காலையில் காட்ட வேண்டிய படம் மதியம்தான் முடிந்தது, அன்று அவர் முன்னால் நின்றது இன்னும் மறக்கவில்லை.

பிறகுதான் விசாரித்தேன். அதே 4070 என்ற பெயரில் 35 வாட்டில் ஓடுவதும் உண்டு, 115 வாட்டில் ஓடுவதும் உண்டு. லேப்டாப் எவ்வளவு சூட்டை வெளியே தள்ள முடியும் என்பதைப் பொறுத்துக் கம்பெனி அதை முடிவு செய்கிறது. அதற்கு மேல் படியான லேப்டாப் 4090 இன்னும் மோசம். டெஸ்க்டாப் 4090இல் 16,384 கோர் (கணக்குப் போடும் அலகு), 24 ஜிபி மெமரி, 450 வாட். லேப்டாப்பில் அதே பெயரில் 9,728 கோர், 16 ஜிபி. ஒரே பெயரை வைத்துவிட்டால் வாங்குபவருக்கு எப்படித் தெரியும்? எனக்கு இதில் இன்னும் கோபம் தீரவில்லை.

இப்போது 2.6 கிலோ தடிமனான ஒன்று வைத்திருக்கிறேன். பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஊருக்குப் போகும்போதுதான் பையில் ஏறும். ஊர் வீட்டில் இரண்டாவதாக ஒரு சார்ஜர் வாங்கி வைத்துவிட்டேன், அதிலேயே ஒரு கிலோ போலக் குறைந்தது. யூஎஸ்பி சி வழியாக 100 வாட் சார்ஜரிலும் இது ஓடும், வரைபடம் பார்க்க, மெயில் அனுப்ப அது போதும். ரெண்டர் என்றால் பெரிய சார்ஜர் வேண்டும்.

———

நான் ஆராய்ச்சி மாணவன், தினமும் டவுன் பஸ். பாதி நாள் நின்றுகொண்டுதான் பயணம், பை முன்பக்கம் தொங்கும். மெஷின் லேர்னிங் வேலை என்பதால் பெரிய கிராபிக்ஸ் வேண்டும் என்று சீனியர்கள் சொன்னார்கள், நல்லவேளை வாங்கவில்லை. மாடல் பயிற்சி எல்லாம் லேபில் இருக்கும் சர்வரில் நடக்கிறது. நான் எழுதுவதும் முடிவைப் பார்ப்பதும் மட்டும் 1.2 கிலோ லேப்டாப்பில். விசிறியே இல்லாத வகை என்பதால் லைப்ரரியில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. சார்ஜரை அறையிலேயே விட்டுவிட்டு வருகிறேன்.

———

எல்லோருக்கும் நன்றி. மதுரை அண்ணா, நானும் எச்.265 4:2:2-தான் எடுக்கிறேன். மண்டபத்தில் அன்றே வெட்டிக் கொடுப்பது மாதத்தில் இரண்டு மூன்று கல்யாணம்தான், மற்றதெல்லாம் வீட்டில். பழைய டெஸ்க்டாப் ஒன்று இருக்கிறது, மெதுவாக ஓடும்.

———

அப்படியானால் தம்பி, 14 அங்குலத்தை எடுத்துக்கொண்டு மிச்சப் பணத்தை டெஸ்க்டாப்பில் போடுங்கள், நான் அதைத்தான் செய்வேன். ஆனால் என் பேச்சை மட்டும் நம்பிப் பணம் கட்ட வேண்டாம். உங்கள் கேமராவில் எடுத்த ஐந்து நிமிஷ ஃபைலைப் பென்டிரைவில் போட்டுக் கடைக்குக் கொண்டுபோங்கள். சார்ஜரைக் கழற்றிவிட்டு அதை டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். மென்பொருள் இலவசப் பதிப்பா, காசு கொடுத்து வாங்கும் ஸ்டூடியோவா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள், ஹார்ட்வேர் டிகோட், அதாவது சிப்பின் அந்தத் தனிப் பகுதியே வீடியோவைப் பிரிக்கும் விஷயத்தில் இரண்டும் ஒன்றில்லை. கூச்சப்பட வேண்டாம், இரண்டு லட்சம் உங்கள் பணம். காட்ட மாட்டேன் என்றால் அடுத்த கடை. அப்புறம் சார்ஜரைப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்துக் கையில் வாங்கிப் பாருங்கள். அதை நான் அன்றைக்குச் செய்யவில்லை.