கீமோவுக்குப் பின் அப்பாவின் தசை கரைகிறது: அனுபவமுள்ளவர்களின் உதவி தேவை

நாங்கள் ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஊரில் வசிக்கிறோம். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக நாட்டுப்படகில் வலை இழுத்த என் அப்பாவுக்கு (வயது 61) நான்கு மாதங்களுக்கு முன் இரைப்பைப் புற்றுநோய் உறுதியானது. அப்போது 66 கிலோ இருந்தவர், மதுரையில் நான்கு சுற்று கீமோ முடிந்த நிலையில் இன்று 52 கிலோதான் இருக்கிறார். வாந்தி நின்றுவிட்டது, காய்ச்சலும் இல்லை. ஆனாலும் நான்கு வாய்க்கு மேல் சோறு இறங்குவதில்லை. அரைஞாண் கயிற்றை மூன்று முறை இறுக்கி முடிந்துவிட்டோம். கட்டிலிலிருந்து கையூன்றாமல் அவரால் எழ முடியவில்லை.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை முட்டை, மீன் சாறு, புரத மாவு கலந்த கஞ்சி எனச் சிறிது சிறிதாகக் கொடுத்துப் பார்த்தோம். மருத்துவர் எழுதிய, பசியைத் தூண்டும் மெஜெஸ்ட்ரால் மருந்து நான்கு வாரத்தில் ஒரு கிலோ கூட்டியது. ஆனால் கால் வீங்கியதால், இரத்தம் உறையும் ஆபத்தைக் கருதி மருத்துவரே அதை நிறுத்திவிட்டார். சரியாக ஊட்டவில்லை என்று உறவினர்கள் சொல்வது அம்மாவை மிகவும் வருத்துகிறது. இது வெறும் பட்டினியால் வரும் மெலிவு அல்ல. கட்டி தூண்டும் அழற்சி தசையையே சிதைப்பதால், உணவால் மட்டும் இதை மீட்க முடியாது.

புதுச்சேரி ஜிப்மரில் நடத்தப்பட்டு 2023இல் வெளியான ஆய்வில், கீமோ பெறும் இரைப்பை, கல்லீரல்-கணையம், நுரையீரல் புற்றுநோயாளிகளுக்குத் தினமும் 2.5 மில்லிகிராம் ஒலான்சபைன் (மனநோய்க்கும் குமட்டலுக்கும் தரப்படும் மருந்து) கொடுத்தபோது பசியும் எடையும் மேம்பட்டன. எங்கள் மருத்துவர் இதைத் தொடங்கலாம் என்கிறார். இந்த மருந்து தூக்கத்தை வரவழைக்கும்; அப்பா ஏற்கெனவே பகலெல்லாம் அயர்ந்து கிடப்பவர் என்பதால் தயங்குகிறோம்.

கீமோவின்போது உங்கள் வீட்டில் ஒருவருக்கு இந்த மருந்தைக் கொடுத்திருந்தால், எத்தனை வாரத்தில் பசி திரும்பியது, பகல் தூக்கம் எந்த அளவுக்கு இருந்தது?