தொலைதூரச் சைக்கிள் பயணத்தில் சுண்டுவிரல் மரத்துப்போகிறது: எதைச் சரிசெய்வது?

கேள்வி

வணக்கம். திருவான்மியூரிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் புதுச்சேரி வரை ரோடு பைக்கில் செல்வது என் வழக்கம். மாமல்லபுரம் வரை எந்தத் தொல்லையும் இல்லை. மரக்காணத்தை நெருங்கும்போது இரு கைகளிலும் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போய், கியர் மாற்றவே விரலைக் குனிந்து பார்த்து அழுத்த வேண்டியிருக்கிறது, கழுத்தும் இறுகிவிடுகிறது. ஜெல் வைத்த கையுறையால் பயன் தெரியவில்லை. சீட் உறுத்துகிறது என்று சொன்னபோது, கடையில் அதன் மூக்கைச் சற்றுக் கீழே சாய்த்துக் கொடுத்தார்கள். என் எடை 68 கிலோ. டயர் 28 மி.மீ., காற்று 100 பி.எஸ்.ஐ. அடுத்ததாக 200 கி.மீ. பிரெவேயில் (குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய தொலைதூரச் சைக்கிள் பயணம்) கலந்துகொள்ள விரும்புகிறேன். அதற்கான கால வரம்பு 13 மணி 30 நிமிடம். அவ்வளவு நேரம் இந்தக் கைகளோடு ஓட்ட அச்சமாக இருக்கிறது. ஹேண்டில்பாரை மாற்றிவிடலாமா?

மறுமொழி 1

ஹேண்டில்பாருக்கு இப்போது பணம் செலவழிக்காதீர்கள். தொல்லை கையில் தெரிந்தாலும் அதன் காரணம் பெரும்பாலும் சீட்டில்தான் இருக்கும். மூக்கு தாழ்ந்த சீட்டில் உடல் ஒவ்வொரு மிதிக்கும் முன்னோக்கி வழுக்கும். அதைத் தடுக்க நீங்கள் அறியாமலேயே உள்ளங்கையால் ஹேண்டில்பாரைத் தள்ளிக்கொண்டிருப்பீர்கள். முழங்கை விறைத்து, தோள் காதுப்பக்கம் ஏறி, கழுத்து இறுகுவதும் இதன் தொடர்ச்சியே.

முதலில் சீட்டை மட்டமாக்குங்கள். அதன் மேற்பரப்பு வளைந்திருப்பதால் ரசமட்டத்தை நேரடியாக வைத்தால் சரியாகக் காட்டாது. கெட்டி அட்டை போட்ட நோட்டு ஒன்றை மூக்கிலிருந்து பின்பகுதி வரை படியும்படி வைத்து, அதன்மேல் ரசமட்டத்தை வையுங்கள். மட்டமாக்கிய பின்னும் கையில் பாரம் விழுந்தால் சீட்டை 5 மி.மீ. பின்னே தள்ளிப் பாருங்கள். அப்போது பெடலுக்கான தூரம் கூடிவிடுவதால் உயரத்தைச் சிறிதளவு குறைக்க வேண்டும். தொடங்குமுன் பழைய உயரத்தைச் சீட் போஸ்ட்டில் இன்சுலேஷன் டேப் சுற்றி அடையாளப்படுத்துங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டை மாற்றினால் எது உதவியது என்பது தெரியாமலே போய்விடும்.

உயரம் சரியா என்பதைக் குதிகாலைப் பெடலில் வைத்துப் பார்க்கலாம்: பெடல் அடியில் இருக்கும்போது இடுப்பு சாயாமல் கால் நேராக நீள வேண்டும். உங்கள் எடைக்கு 28 மி.மீ. டயரில் 100 பி.எஸ்.ஐ. மிக அதிகம். 70 அளவுக்கு இறக்கினாலே தார்ச்சாலையின் அதிர்வு கைக்கு ஏறுவது வெகுவாகக் குறையும்.

மறுமொழி 2

நான் இயன்முறை மருத்துவர். நீங்கள் சொல்லும் இரண்டு விரல்களுக்கும் உணர்வு தருவது உல்னார் நரம்பு. அது உள்ளங்கையில் சுண்டுவிரல் பக்கத்து அடிமேட்டின் வழியாகச் செல்கிறது. பிரேக் ஹூடின்மேல் (பிரேக் லீவரின் ரப்பர் உறையிட்ட பிடி) மணிக்கட்டைப் பின்னோக்கி மடித்து அந்த மேட்டிலேயே பாரத்தை இறக்கும்போது நரம்பு நசுங்குகிறது. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்திருந்தால் அது வேறு நரம்பு.

மணிக்கட்டை முன்கையோடு நேராக வைத்து, முழங்கையைச் சிறிது மடித்து ஓட்டுங்கள். கால் மணிநேரத்துக்கு ஒருமுறை ஹூட், மேற்பிடி, கீழ்ப்பிடி என்று கையின் இடத்தை மாற்றுங்கள். அவ்வப்போது சில மிதிகள் எழுந்து நின்று மிதியுங்கள், அது சீட்டில் நசுங்கும் பகுதிக்கும் இரத்த ஓட்டம் தரும். பயணம் முடிந்தும் நாள்கணக்கில் மரப்பு நீடித்தாலோ, சாவியைத் திருகும் பிடி தளர்ந்தாலோ, ஓட்டுவதை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

கேட்டவர்

இருவருக்கும் நன்றி. சீட்டை மட்டமாக்கி, சற்றுப் பின்னே தள்ளி, காற்றையும் குறைத்துப் புதுச்சேரி வரை சென்றேன். வலக்கையில் மரப்பு இல்லை. இடக்கையில் சிறிது இருக்கிறது. ஆனால் சீட் மீண்டும் நடுவில் உறுத்துகிறது.

மறுமொழி 1

நடுவில் உறுத்துவது சீட்டின் அகலம் பொருந்தாததைக் காட்டுகிறது; அதற்காக மூக்கை மறுபடியும் தாழ்த்தாதீர்கள். நெளி அட்டை ஒன்றைக் கெட்டியான பெஞ்சில் வைத்து, முன்னே குனிந்து சிறிது நேரம் உட்கார்ந்து எழுந்தால் இரு உட்காரும் எலும்புகளின் பள்ளங்களும் தெரியும். அவற்றின் நடுப்புள்ளிகளுக்கு இடையேயான தூரத்தை அளந்து, அதைவிடச் சுமார் 2 செ.மீ. அகலமான, நடுவில் பள்ளமுள்ள சீட்டை இரவல் வாங்கி ஓட்டிப் பாருங்கள். பஞ்சு வைத்த ஷார்ட்ஸுக்குள் உள்ளாடை வேண்டாம். இடக்கைக்கு, இரு ஹூடுகளும் ஒரே உயரத்தில் ஒரே கோணத்தில் உள்ளனவா என்று முன்னாலிருந்து பாருங்கள். இடப்பக்கம் தாழ்ந்திருந்தால் அதன் திருகைத் தளர்த்தி மேலேற்றினால் போதும்.