குளிர்காலக் காலை நடை: இங்கிலாந்து கிராமங்களில் யாரைச் சந்தித்தீர்கள்?

முறிகண்டி
காட்ஸ்வோல்ட் மலைப்பகுதிக் கிராமங்கள்: போர்ட்டன்-ஆன்-த-வாட்டரில இருந்து லோயர் ஸ்லோட்டர், அங்கயிருந்து அப்பர் ஸ்லோட்டர். எல்லாருக்கும் தெரிஞ்ச பாதைதான். தை மாசம், எட்டு மணிக்குப் பிறகுதான் வெளிச்சமே. மில்லுக்குப் பின்பக்க வயலில கால் வைக்க வைக்கப் புல் நொறுங்குது.

அப்பர் ஸ்லோட்டரில ஆறு ரோட்டைக் குறுக்கறுத்து ஓடுற இடத்தில ஒரு வயசுபோன அம்மா நாயோட நிண்டவ. எங்கயிருந்து எண்டு கேட்டா. லண்டன் ஹரோ எண்டன். அதுக்கு முதல்? வன்னி எண்டன். அவவுக்குத் தெரிஞ்சிருந்தது. பிறகு தன்ர ஊரைப் பற்றிச் சொன்னா. ரெண்டு உலகப் போருக்கும் போன ஆக்கள் எல்லாரும் உயிரோட திரும்பின ஊராம். 1944 பெப்ரவரியில ஜெர்மன்காரன் குண்டு போட்டும் ஒருத்தரும் சாகேல்ல. போர்ட்டன் புல்வெளியில செத்தவைக்கு நினைவுச் சின்னம் நிக்குது. இங்க மண்டபத்தில திரும்பி வந்தவையின்ர பெயர்ப் பலகை.

சொல்லிப்போட்டுக் கேட்டா: "உங்கட ஊரில எத்தினை பேர் திரும்பி வந்தவை?"

எத்தினை பேர் செத்தவை எண்டுதான் எல்லாரும் கேட்கிறவை. கையுறையைக் கழட்டிப்போட்டு எங்கட ஒழுங்கை வீடுகளை ஒவ்வொண்டா விரல் விட்டு எண்ணினன். அவ அவசரப்படுத்தேல்ல, நாயும் இருந்திட்டுது. முடிக்க ஏலாமப் போச்சு. சிலபேர் இருக்கினமோ இல்லையோ எண்டே தெரியாது. அவையை எந்தப் பக்கம் போடுறது?

ஸ்விண்டன்_தம்பி
அண்ணா, படிச்சுட்டு வேற வேலையே ஓடல. ஆனா அந்த ஊரை மட்டும் தனியாச் சொல்றதுல எனக்கு உடன்பாடு இல்ல. முதல் போருக்குப் போனவங்க எல்லாரும் திரும்பின ஊர் இங்கிலாந்து, வேல்ஸ் ரெண்டுலயும் சேர்த்தே ஐம்பதுக்குக் கொஞ்சம் மேலதான். மத்த ஆயிரக்கணக்கான ஊர்ல செத்தவங்க பேர் பொறிச்ச நினைவுச் சிலுவை நிக்குது. ஒரே குடும்பப் பேர் அடுத்தடுத்து வரும், அண்ணன் தம்பிங்க. நடக்கறவங்க அங்கயும் நிக்கணும்.

நான் பாத்தது பைபரிக்குப் பக்கத்துல. ஒரு பெரியவர் சிலுவை பீடத்துல குனிஞ்சு, எழுத்துக்குள்ள உறைஞ்ச பனியை நகத்தால எடுத்துட்டு இருந்தார். ஒவ்வொரு பேரா. சொந்தக்காரங்களான்னு கேட்டேன். இல்லயாம், அந்த ஊருக்குக் குடிவந்தே கொஞ்ச வருஷம்தானாம். "படிக்க முடியணும் இல்லையா"ன்னார். விரல் நுனி செவந்து போயிருந்துச்சு.

க்ளாஸ்டர்_அக்கா
எனக்குப் பிரசவ வார்டுல வேலை. நைட் ட்யூட்டி முடிஞ்சா வின்ச்கூம் பக்கம் கொஞ்சம் நடந்துட்டுதான் தூங்கப் போவேன். ஆட்டுப் பின்புறத்துல நீலமும் சிவப்புமா சாயம் பாத்திருப்பீங்க. கிடா நெஞ்சுல சாயக்கட்டி கட்டி விடுவாங்க, சேர்ந்த ஆட்டு மேல நிறம் ஒட்டிக்கும். சுமார் 17 நாளைக்கு ஒருதரம் நிறத்தை மாத்துவாங்க. எது முதல்ல ஈனும், எது பின்னாடின்னு அதுல தெரியும். சினைக்காலம் ஐந்து மாசத்துக்குக் கொஞ்சம் குறைவு.

அன்னிக்கு ஒரு விவசாயி தண்ணித் தொட்டிப் பனியைச் சுத்தியலால உடைச்சிட்டு இருந்தார். ஒரு ஆட்டு மேல மட்டும் எல்லா நிறமும் ஒண்ணு மேல ஒண்ணா இருந்தது. ஒவ்வொரு தடவை சேர்ந்தும் சினை பிடிக்கல, ஸ்கேன்ல கரு இல்லன்னார். விக்கத்தான் வேணும், ஆனா மனசு வரலன்னு சொல்லிட்டு அது தலைல கை வெச்சார். அந்த ராத்திரிதான் வார்டுல ஒரு பொண்ணுகிட்ட அதே சேதியை நான் சொல்லிட்டு வந்திருந்தேன். அவ தலைல கை வைக்க எனக்குத் தோணல. அடுத்த கட்டிலுக்கு ஓட வேண்டியிருந்தது.

பழைய_பூட்ஸ்
நான் சந்தித்தது ஒரு குதிரைக்காரப் பெண். "உன்னைப் பார்த்தால் குதிரை மிரளும், பேசிக்கொண்டே வா" என்றார். தமிழில் பேசினேன், குதிரை அமைதியாகக் கடந்தது. அவ்வளவுதான்.

தம்பி, சிலுவையைச் சுரண்டுவதை யாரும் பின்பற்ற வேண்டாம். காட்ஸ்வோல்ட் சுண்ணாம்புக்கல் மென்மையானது. கல்லுக்குள் போன ஈரம் உறைந்து விரியும்போது மேல்தோல் பொரிந்திருக்கும். நகம் பட்டாலே எழுத்து உதிரும். வெயில் ஏறட்டும், தானே உருகும்.

புதிதாகப் போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். போர்ட்டனில் இருந்து போனால் ஏ429 நெடுஞ்சாலையைக் கடக்க வேண்டும். அது ரோமானியர் போட்ட நேர்சாலை, வண்டிகள் வேகமாக வரும். பாதைக் கம்பங்களில் மஞ்சள் அம்பு நடப்பவர்களுக்கு, நீல அம்பில் குதிரையும் சைக்கிளும் வரும். இந்தப் பகுதிக்கான ஓஎல்45 வரைபடத்தைக் காகிதத்திலேயே எடுத்துப் போங்கள், குளிரில் போன் பேட்டரி சீக்கிரம் இறங்கிவிடும். பிப்ரவரி 1 வரை ஃபெசன்ட் என்ற பறவை வேட்டை உண்டு, வெடிச்சத்தம் கேட்டால் பாதையை விட்டு விலகாதீர்கள். கேட் திறந்திருந்தால் திறந்தபடி, மூடியிருந்தால் மூடியபடி விடுங்கள். வேலியைத் தாண்டும் பழைய மரப்படிகளில் பனி கண்ணுக்கே தெரியாது, கைப்பிடியை விடாதீர்கள். டிசம்பரில் நாலு மணிக்கே இருட்டு. அக்கா சொன்ன சினை ஆடுகள் நிற்கும் இடத்தில் நாயை அவிழ்க்கவே கூடாது, துரத்தினால் கரு கலைந்துவிடும்.

ஸ்விண்டன்_தம்பி
கல்லு பொரியும்னா ஒத்துக்கறேன். ஆனா அவர் செஞ்சதைத் தப்புன்னு என்னால சொல்ல முடியாது. நூறு வருஷத்துக்கு மேல ஆகியும் ஒரு வெளியூர்க்காரர் அந்தப் பேரைப் படிக்கறார். கல்லு எதுக்கு நிக்குது அப்புறம்?

க்ளாஸ்டர்_அக்கா
பூட்ஸ் சார், நாய் விஷயம் ரொம்பச் சரி. அந்த மேய்ச்சல்ல இப்ப பாதையோரமா தற்காலிக வேலி போட்டிருக்காங்க. வேலியை ஒட்டி மெதுவாப் போங்க. அந்த ஆடு இன்னும் அங்கதான் இருக்கு, போன வாரம் பாத்தேன்.