கோடை விடுமுறைக்கு வேளாங்கண்ணியா, கொடைக்கானலா? பயணம் பிள்ளைகளின் விசுவாசத்தை வளர்க்குமா?

பெரம்பூர் அம்மா கேட்கிறார்:

சேசுவுக்கே புகழ், மரியே வாழ்க. விடுமுறையைப் பற்றி எங்கள் வீட்டில் எழுந்துள்ள ஒரு வழக்கை இங்கே வைக்கிறேன். அனுபவமுள்ளவர்கள் கருத்துச் சொல்ல வேண்டும்.

என் மாமியார் இளம்பெண்ணாக இருந்த காலத்திலிருந்து எங்கள் குடும்பம் ஆண்டுதோறும் வேளாங்கண்ணிக்குப் போய் வருகிறது. செப்டம்பர் 8 திருவிழாவுக்குப் போவதுதான் அவருடைய ஆசை என்றாலும், அப்போது பள்ளி நடப்பதால் மே மாதமே எங்களுக்கு வாய்க்கிறது. இரவு வண்டியில் ஏறி, காலையில் விடுதியில் குளித்து, பேராலயத்தில் திருப்பலி கண்டு, மெழுகுதிரி ஏற்றி, மாதா குளம் வரை மணல் பாதையில் நடந்து, கடற்கரையில் வறுத்த மீன் தின்று, கடைவீதியில் செபமாலையும் பொரியும் வாங்கிக்கொண்டு மறுநாள் காலையில் வீடு திரும்பிவிடுவோம். இந்த ஆண்டு, திருமுழுக்கை உறுதிசெய்யும் உறுதிபூசுதல் பெற்ற என் மூத்த மகன், “ஒவ்வொரு வருடமும் அதே கோயில், அதே கடைதானே அம்மா” என்று சொல்லிவிட்டான். இளையவள் கொடைக்கானலுக்குப் போக வேண்டும் என்கிறாள். கணவருக்கோ ஒரு வாரம்தான் விடுப்பு. “மாதாவை விட்டுவிட்டு மலைக்கா?” என்று மாமியார் வருந்துகிறார்.

ஆண்டுதோறும் போயும் பிள்ளைகளின் மனத்தில் ஒன்றும் தங்காததற்குக் காரணம் என்ன? திருத்தலம் எதற்கும் போகாமல் வெறும் ஓய்வுக்காகப் போகும் பயணத்தால் ஞானப் பலன் உண்டாகுமா?

நாஞ்சில் மறைக்கல்வி எழுதுகிறார்:

சகோதரி, மறைக்கல்வி வகுப்பில் பல ஆண்டுகளாகப் பிள்ளைகளுடன் பழகுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன். வேளாங்கண்ணியில் நீங்கள் செய்வதில் குறை எதுவும் இல்லை. தங்கும் நேரம்தான் போதவில்லை. ஒரு பகலில் கோயில், குளம், கடல், கடை ஆகிய நான்கையும் முடிக்க நினைத்தால், பிள்ளைகளுக்கு எது கைக்கு எட்டுகிறதோ அதுதான் நினைவில் நிற்கும். ஒரே இரவில் மூன்று நான்கு திருத்தலங்களைச் சுற்றிக் காட்டிவிட்டுத் திரும்பும் வேன் பயணங்களை இக்காரணத்தாலேயே நான் ஆதரிப்பதில்லை. இறங்குவதும் ஏறுவதுமாகவே அந்த இரவு கழிந்துவிடுகிறது. பாவங்களை அறிக்கையிடும் ஒப்புரவு அருட்சாதனத்துக்கு வரிசையில் நிற்கக்கூட யாருக்கும் பொறுமை இருப்பதில்லை.

இரண்டாவது குறை, கதை சொல்லப்படாமல் போவது. பால் கொண்டுபோன சிறுவனையும் மோர் விற்ற கால் ஊனமுற்ற சிறுவனையும் புயலில் சிக்கிக் கரையேறிய போர்த்துக்கீசிய மாலுமிகளையும் பற்றிய மரபு உங்கள் மாமியாருக்குத் தெரியாமல் இருக்காது. மாதா குளத்தருகே உட்கார்ந்து அதைப் பேரப்பிள்ளைகளுக்கு அவரே சொல்லட்டும். உறுதிபூசுதல் பெற்ற மகனை, அந்த மணல் பாதையில் முழந்தாள்படியிட்டுச் செல்கிறவர்களில் ஒருவர் பின்னால் செபமாலை சொல்லிக்கொண்டு மெதுவாக நடக்கச் சொல்லுங்கள். எதற்காக ஒரு மனிதர் தம் முழங்கால் தேய இவ்வளவு தொலைவு போகிறார் என்று அவன் தானாகவே கேட்பான்.

அதே கோயிலுக்குப் போகச் சலிக்கும் வயதில் உள்ள பிள்ளைகளுக்கு நான் எப்போதும் சொல்லும் மாற்று ஒன்று உண்டு. அடுத்த பொங்கல் விடுமுறையில் எங்கள் குமரி மாவட்டத்துக்கு அழைத்து வாருங்கள். விசுவாசத்துக்காக உயிர்கொடுத்த மறைச்சாட்சி தேவசகாயம் சுட்டுக்கொல்லப்பட்ட நாள் 1752 ஜனவரி 14. அவருடைய திருநாளும் அதுவே என்பதால் பொங்கலை ஒட்டியே வரும். திருவிதாங்கூர் அரண்மனையில் பணியாற்றிய நீலகண்டன், 1741இல் குளச்சல் போரில் தோற்றுப் பிடிபட்டுப் பின்னர் தம்மை வென்ற திருவிதாங்கூர் மன்னரின் படைத்தலைவராக உயர்ந்த டச்சுக்காரர் டிலனாயிடம் யோபுவின் கதையைக் கேட்டு மனம் மாறினார். 1745 மே 14 அன்று வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். இந்த வாழ்க்கையை அது நடந்த இடங்களிலேயே வரிசையாகக் காட்டலாம்: பிறந்த நட்டாலம், திருமுழுக்குப் பெற்ற வடக்கன்குளம், டிலனாயின் கல்லறை உள்ள உதயகிரிக் கோட்டை, அதற்கு அருகில் தாகத்தால் தவித்த தேவசகாயத்துக்கு நீர் சுரந்ததாக வழிவழியாகச் சொல்லப்படும் புலியூர்க்குறிச்சி முட்டிடிச்சான் பாறை, உயிர்விட்ட ஆரல்வாய்மொழி காற்றாடிமலை, அடக்கம் செய்யப்பட்ட கோட்டாறு சவேரியார் பேராலயம். இடங்கள் பல என்றாலும் கதை ஒன்று. அதனால்தான் நான் மேலே குறை சொன்ன வேன் பயணத்திலிருந்து இது வேறுபடுகிறது. ஆயினும் இரண்டு நாள் எடுத்துக்கொள்வது நல்லது.

காற்றாடிமலையில் மணியடிச்சான் பாறை என்று ஒன்று இருக்கிறது. தேவசகாயம் உயிர்விட்டபோது மணிபோல் ஒலித்ததாகச் சொல்லப்படும் அந்தப் பாறையைச் சிறு கல்லால் தட்டினால் உண்மையிலேயே வெண்கலத்தைத் தட்டியதுபோல் ஓசை எழும். தட்டாத சிறுவனை நான் இதுவரை பார்த்ததில்லை. ஓசை அடங்கியதும், குருவும் துறவியும் அல்லாத, ஞானப்பூ என்ற மனைவியோடு வாழ்ந்த ஓர் இல்லறத்தார் எதற்காக இந்த மலையில் சுடப்பட்டார் என்று சொல்லத் தொடங்கினால், அந்தக் கணத்தில் பிள்ளைகள் கேட்பதைப்போல் வகுப்பறையில் ஒருநாளும் கேட்பதில்லை. 2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தபோது, இந்தியப் பொதுநிலையினரில் முதல் புனிதர் என்ற பெருமை அவருக்குக் கிடைத்தது.

மலையோரம் எழுதுகிறார்:

நாஞ்சில் ஐயாவின் கருத்தை நான் மதிக்கிறேன். ஆனால் விடுமுறையின் ஒவ்வொரு நாளையும் பாடமாக்கிவிட்டால் பிள்ளைகள் அதையும் வெறுத்துவிடுவார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். அனுப்பப்பட்ட சீடர்கள் திரும்பி வந்து தாங்கள் செய்ததையெல்லாம் சொன்னபோது, ஆண்டவர் அவர்களை இன்னொரு பணிக்கு உடனே அனுப்பவில்லை; தனிமையான இடத்துக்குப் போய்ச் சற்று ஓய்வெடுக்கச் சொன்னார் என்று மாற்கு 6ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். உண்பதற்குக்கூட அவர்களுக்கு நேரம் கிடைக்கவில்லை என்று நற்செய்தியாளர் காரணத்தையும் சேர்த்தே எழுதுகிறார். சென்னையில் காலை ஏழு மணிக்கு வீட்டை விட்டுப் புறப்பட்டு இரவு ஒன்பது மணிக்குத் திரும்பும் தகப்பனின் நிலையும் இதுதான். அவர் ஒரு வாரம் பிள்ளைகளோடு அவசரமின்றிச் சாப்பிட்டு, அவர்களோடு ஏரியைச் சுற்றி நடந்து, இரவில் ஒன்றாக உட்கார்ந்து செபமாலை சொல்வதை ஞானப் பலன் இல்லாதது என்று யார் சொல்ல முடியும்? வீட்டில் குடும்ப செபம் தவறிப்போவதற்கு விசுவாசக் குறைவைவிட, நால்வரும் ஒரே நேரத்தில் வீட்டில் இல்லாததே பெரும்பாலும் காரணம்.

கொடைக்கானலில் மாதா இல்லை என்று உங்கள் மாமியார் நினைத்தால், அவரையும் அழைத்துப் போங்கள். 19ஆம் நூற்றாண்டில் எழுப்பப்பட்ட சலேத் மாதா கோயில் அங்கே இருக்கிறது. 1846இல் பிரான்சு நாட்டு மலையொன்றில் ஆடுமாடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு சிறுமிக்கும் ஒரு சிறுவனுக்கும் அன்னை அழுதுகொண்டு காட்சியளித்ததன் நினைவாக எழுந்த கோயில் அது. ஆகஸ்ட் நடுவில் திருவிழா நடக்கும். செண்பகனூரில் இயேசு சபையார் 1895இல் தொடங்கிய திரு இருதயக் கல்லூரியில் அவர்கள் சேர்த்து வைத்த உயிரினங்களின் அருங்காட்சியகத்தைப் பாருங்கள்; படைப்பை ஆராய்வதும் படைத்தவரை வணங்குவதும் ஒரே மனிதரிடம் சேர்ந்திருக்க முடியும் என்பதை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு விளக்க அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. ஊட்டிக்குப் போவதாக முடிவு மாறினாலும் காந்தல் குருசடித் திருத்தலம் இருக்கிறது.

திருப்பாடல்களில் 120 முதல் 134 வரை உள்ளவை எருசலேமுக்கு ஏறிப்போன திருப்பயணிகள் வழியில் பாடியவை, பெரும்பாலும் சிறியவை. மலைப்பாதையில் வண்டி வளைந்து ஏறும்போது, “மலைகளை நோக்கி என் கண்களை உயர்த்துகின்றேன்” என்று தொடங்கும் 121ஆம் பாடலை யாராவது ஒருவர் வாசித்தால் போதும். அதற்குமேல் விளக்கவுரை வேண்டாம். வாந்தி வரும் பிள்ளைக்கு எலுமிச்சம்பழம்தான் வேண்டும்.

மன்னார்க்காரி எழுதுகிறார்:

நான் இலங்கையில் இருந்து எழுதுகிறேன். எங்களுக்கு மடு மாதா கோயில் திருவிழாவும் பள்ளிக்கூட விடுமுறையும் ஓகஸ்டில் சேர்ந்து வரும் என்பதால், யாத்திரையா விடுமுறையா என்ற கேள்வியே சிறு வயதில் எங்களுக்கு எழுந்ததில்லை. யூலை 2ஆந் திகதித் திருவிழாவும் பெரியதுதான். எனினும் ஓகஸ்ட் 15க்கு வரும் சனம் வேறு. காட்டுக்குள் கூடாரமோ கொட்டிலோ அடித்து, கல் வைத்துச் சமைத்து, நாள்கணக்கில் குடும்பமாகத் தங்குவோம். காலைப் பூசை, பின்னேரத்தில் செபமாலையும் நற்கருணை ஆசீர்வாதமும். இடைப்பட்ட நேரத்தில் தண்ணீர் அள்ளுவதும் விறகு பொறுக்குவதும் பிள்ளைகளின் வேலை. பக்கத்துக் கொட்டிலில் சிலாபத்தில் இருந்தோ நீர்கொழும்பில் இருந்தோ வந்த சிங்களக் குடும்பம் இருக்கும். அவர்களின் பாட்டு எங்களுக்கு விளங்காது. ஆனால் மரியாயின் பேர் வரும் இடத்தை நாங்கள் சரியாகப் பிடித்துக்கொள்வோம்.

மடு மாதாவின் திருச்சொரூபத்தின் வரலாறே ஒரு பயணம்தான். ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) கத்தோலிக்கரைத் துன்புறுத்திய காலத்தில் மாந்தையில் இருந்து காட்டுக்குள் கொண்டு ஓடியது; 2008 ஏப்ரலில் சண்டை நெருங்கியபோது தேவன்பிட்டிக்குக் கொண்டுபோகப்பட்டு, அதே ஆண்டு ஓகஸ்டில் திரும்பி வந்தது. 2015 ஜனவரி 14 அன்று பாப்பரசர் பிரான்சிஸ் மடுவுக்கு வந்தபோது, போரில் ஆள்களை இழந்த இரண்டு இனத்தவரும் அவர் முன்னால் ஒன்றாக நின்றார்கள்.

நாஞ்சில் அண்ணா சொன்ன ‘தங்குதல்’ என்பதோடு நானும் உடன்படுகிறேன். ஆனால் விடுதியில் தங்குவதும் கொட்டிலில் தங்குவதும் ஒன்றல்ல. வசதிக் குறைவும் சேர்ந்துதான் எங்களுக்குச் செபிக்கக் கற்றுத் தந்தது. மின்விசிறி இல்லாத இரவில் அம்மம்மா சொன்ன செபமாலை எனக்கு இன்றைக்கும் கேட்கிறது. ஆகவே பெரம்பூர் அம்மா எங்கே போனாலும், ஒரு இரவாவது பிள்ளைகளுக்குச் சற்றுக் கஷ்டமாக இருக்கட்டும்.

பெரம்பூர் அம்மா:

மூவருக்கும் நன்றி. மன்னார்ச் சகோதரி எழுதியதை மாமியாருக்கு வாசித்துக் காட்டினேன். தம் சிறுவயதில் சத்திரத்துத் தரையில் படுத்து எழுந்த கதையை முதன்முறையாகப் பிள்ளைகளுக்குச் சொன்னார். விடுதியில் குளிர்சாதனம் கேட்கிற பேரன் வாயைத் திறக்கவில்லை. இந்த மே மாதம் அவரையும் கூட்டிக்கொண்டு கொடைக்கானலுக்குப் போவதென்றும், பொங்கலுக்குக் கோட்டாறு என்றும், வேளாங்கண்ணிக்கு அரையாண்டு விடுமுறையில் ஒரு நாள் கூடுதலாகத் தங்குவதென்றும் முடிவாகியிருக்கிறது. இன்னும் ஒரு சந்தேகம். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் வழியில் இருப்போம். பயணத்தில் இருந்தால் ஞாயிறு திருப்பலி கடமையில்லை என்று உறவினர் ஒருவர் சொல்கிறார். அது சரியா?

மேலப்புதூர் வாசகர் எழுதுகிறார்:

அம்மா, பயணம் என்பதாலேயே கடமை நீங்கிவிடாது. திருச்சபைச் சட்டத்தின் 1248ஆம் எண், ஞாயிறன்றோ அதற்கு முந்தைய நாள் மாலையிலோ, கத்தோலிக்க வழிபாட்டு முறைப்படி எங்கே திருப்பலி நிறைவேற்றப்பட்டாலும் அதில் பங்கேற்பவர் கடமையை நிறைவேற்றுகிறார் என்று சொல்கிறது. உங்கள் பங்கில்தான் காண வேண்டும் என்பதில்லை. தமிழில்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. குருவானவர் இல்லாததாலோ வேறு கடுமையான காரணத்தாலோ முடியாமற்போனால், இறைவார்த்தை வழிபாட்டில் பங்கேற்கவோ, தனியாகவோ குடும்பமாகவோ உரிய நேரம் செபிக்கவோ அதே சட்டம் பரிந்துரைக்கிறது. தொடர்வண்டிச் சீட்டை நாமே ஞாயிறு காலைக்குப் போட்டுவிட்டு முடியவில்லை என்று சொல்வதைக் கடுமையான காரணம் என்று எனக்கு ஏற்கத் தோன்றவில்லை.

சனிக்கிழமை இரவு சென்னையில் வண்டி ஏறுவதாக இருந்தால், அன்று மாலையே உங்கள் பங்கிலோ பக்கத்துப் பங்கிலோ ஞாயிறு திருப்பலி உண்டா என்று பாருங்கள். அல்லது ஞாயிறு காலை திண்டுக்கல்லில் இறங்கி அங்குள்ள கோயிலில் திருப்பலி கண்டுவிட்டு மலையேறலாம். நானாக இருந்தால் இரண்டாவதைத்தான் தேர்ந்தெடுப்பேன். முன்பின் அறியாத ஊரில், முன்பின் அறியாத பாடகர் குழு பாட, அதே மன்றாட்டுகளுக்கு அதே பதிலை நம் பிள்ளைகளும் சேர்ந்து சொல்வது, திருச்சபை நம் தெருவோடு முடிந்துவிடவில்லை என்பதை அவர்களுக்கு உணர்த்தும். இணையத்தில் கிடக்கும் பூசை நேரப் பட்டியல்கள் பலவும் பழையவை. கோடையில் நேரம் மாறுவதும் உண்டு. புறப்படும் முன் பங்கு அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசி உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். கொடைக்கானலில் இருக்கும் வார நாள்களில் சலேத் மாதா கோயிலில் அதிகாலைத் திருப்பலி உண்டா என்றும் சேர்த்துக் கேளுங்கள். உண்டு என்றால் மாமியாருக்குக் கம்பளிச் சால்வை ஒன்று எடுத்துக்கொள்ள மறக்க வேண்டாம்.