மழையில்லாத நாளிலும் லொஃப்ட் முகட்டில் ஈரம்: ஓடா, காற்றோட்டமா?

ஹரோவாசி:
வணக்கம். லண்டன் ஹரோவில் 1930களில் கட்டிய செமி வீடு (ஒரு பக்கச் சுவர் அடுத்த வீட்டோடு ஒட்டியது). மூன்று வருடத்துக்கு முன் பின்பக்கக் கூரைச் சரிவில் டோர்மர் (வெளியே துருத்தி நிற்கும் ஜன்னல் கட்டு) வைத்து, கூரைக்கு அடியிலிருந்த லொஃப்டை அறையும் ஷவரும் ஆக்கினோம். முன்பக்கச் சரிவில் பழைய ஓடும் அதன் கீழே பழைய கறுப்பு ஃபெல்ட்டும் (தண்ணீர் தடுக்கும் விரிப்பு) அப்படியே இருக்கின்றன. டிசம்பரிலிருந்து முகட்டை ஒட்டிய சீலிங்கில் மஞ்சள் கறை, மூலையில் பூஞ்சணம். கூரைக்காரர் ஒருவர் ஏறிப் பார்த்து, முகட்டு ஓட்டுச் சீமெந்து வெடித்திருக்கிறது என்று கிளறிப் புதிதாகப் பூசினார். 600 பவுண். இரண்டு கிழமை ஒன்றுமில்லை, அப்புறம் பழைய கதைதான். இப்போது முழுக் கூரையையும் மாற்ற வேண்டும் என்கிறார். மாற்றத்தான் வேண்டுமா?

பழைய தச்சன்:
தம்பி, காசை எண்ணுவதற்கு முன் ஒன்று பாருங்கள். கறை நனைவது காற்றோடு மழை அடித்த நாளிலா, வானம் வெளித்து உறைபனி கொட்டிய இரவுக்கு அடுத்த காலையிலா? ஒரு கிழமை குறித்து வையுங்கள்.

ஹரோவாசி:
குறித்தேன் அண்ணை. செவ்வாய் நல்ல மழை, சீலிங் காய்ந்தே இருந்தது. வெள்ளி இரவு உறைபனி, மழை துளிகூட இல்லை. சனி காலை எட்டு மணிக்குச் சொட்டியது! அறை ஈரப்பதம் 72 சதவீதம்.

பழைய தச்சன்:
அப்படியென்றால் முதலில் ஒழுக்கைச் சந்தேகிக்க வேண்டாம். வீட்டு நீராவி மேலே போய்க் குளிர்ந்த ஃபெல்ட்டில் பட்டுத் தண்ணீராகிறது. பழைய பிற்றுமன் ஃபெல்ட் நீராவியை வெளியே விடாது. கைமரங்களுக்கு இடையில் இன்சுலேஷன் வைத்தால், அதற்கும் ஃபெல்ட்டுக்கும் நடுவே 50 மி.மீ. காற்றுவழி வேண்டும். தாவாரத்தில் 25 மி.மீ., முகட்டில் 5 மி.மீ. அகலத்துக்குச் சமமான தொடர் திறப்பும் வேண்டும். அந்தக் காலக் கைமரம் பெரும்பாலும் 100 மி.மீ. ஆழம்தான், இன்சுலேஷன் பலகையை முட்ட நிரப்பினால் காற்று எங்கே போகும்? போதாததற்கு, வெடித்த சீமெந்து வழியே கொஞ்சம் காற்று போயிருக்கும். அதையும் 600 பவுண் கொடுத்து அடைத்துவிட்டீர்கள்.

தாவாரப் பக்கம் சின்ன அலமாரிக் கதவு இருக்கிறதா? அதற்குள் போய் அளவு நாடாவை ஃபெல்ட்டுக்குக் கீழே மேல்நோக்கி விட்டுப் பாருங்கள்.

குரோய்டன் அக்கா:
ஷவர் ஃபானின் குழாய் எங்கே முடிகிறது என்றும் பாருங்கோ. எங்கள் வீட்டில் அது கூரைக்குள்ளேயே விட்டிருந்தது. ஃபான் சத்தம் மட்டும் ஒழுங்காகக் கேட்கும்!

ஹரோவாசி:
அக்கா சொன்னதுதான். குழாய் அலமாரிக்குள் கழன்று கிடக்கிறது. நாடாவும் ஒரு முழம் போய் நின்றுவிட்டது. தாவாரத்தில் மஞ்சள் இன்சுலேஷன் பஞ்சை இறுக்கித் திணித்திருக்கிறார்கள்.

பழைய தச்சன்:
சரி, இனி வரிசை முக்கியம். முதலில் ஃபான் குழாயை வெளியே கொண்டுபோங்கள். குளிர்ந்த இடத்தில் போகும் பகுதிக்கு இன்சுலேஷன் சுற்றாவிட்டால் குழாய்க்குள்ளேயே தண்ணீர் கட்டும். அடுத்து தாவாரப் பஞ்சைப் பின்னுக்கு இழுத்து, காற்றுவழி அடையாமல் பிளாஸ்டிக் தட்டு வையுங்கள். சீலிங்கில் லைட் ஓட்டைகள், பலகை இணைப்புகள் எல்லாவற்றையும் கீழிருந்து அடையுங்கள்.

முகடு கடைசிதான். கீழே காற்று வர வழியில்லாமல் மேலே மட்டும் திறந்தால், அது அறையின் சூடான ஈரக்காற்றையே உறிஞ்சும். திறக்கும்போது காற்றோட்டமுள்ள டிரை ரிட்ஜ் (சீமெந்து இல்லாமல் முகட்டு ஓட்டைப் பிடிக்கும் முறை) போடச் சொல்லுங்கள். பிரிட்டிஷ் தரம் பிஎஸ் 5534 இன் 2014 பதிப்புக்குப் பிறகு முகட்டு ஓட்டைச் சீமெந்தில் மட்டும் நம்பி ஒட்டுவது போதாது, திருகாணியோ கிளிப்போ பிடிக்க வேண்டும். முகட்டில் இரும்புத் தீராந்தி போட்டிருந்தால் அது காற்றை மறிக்கிறதா என்று அப்போது பாருங்கள். முன்சரிவில் ஜன்னல் உண்டா?

ஹரோவாசி:
ஒன்று உண்டு.

பழைய தச்சன்:
அதன் சட்டம் ஃபெல்ட்டுக்குக் கீழே உள்ள காற்றுவழியை மறிக்கும். ஜன்னலுக்குக் கீழும் மேலும் காற்று ஓடு (காற்றுப் போகத் திறப்புள்ள கூரை ஓடு) வைக்க வேண்டும். பில்டிங் கன்ட்ரோலுக்கு (கட்டட விதிகளைச் சரிபார்ப்பவர்களுக்கு) கொடுத்த வரைபடத்தையும் தேடி எடுங்கள். 50 மி.மீ. இடைவெளி அதில் வரைந்திருந்தால் உங்கள் பில்டரிடம் பேச அது உதவும்.

ஹரோவாசி:
குழாயை வெளியே விட்டு, பஞ்சையும் இழுத்துவிட்டேன். அதன்பின் இரண்டு உறைபனி வந்தது. சொட்டு இல்லை, ஈரப்பதம் 58. வரைபடத்தில் 50 மி.மீ. தெளிவாக இருக்கிறது, பில்டர் இன்னும் போன் எடுக்கவில்லை. முகட்டுக்கு ஏப்ரலில் சாரம் கட்டுகிறோம்.