புதுப்பிப்பு: கண்காட்சிக்குள் எண்ணெய் ஓவியங்கள் காயுமா?

அடுத்தடுத்து இரண்டு கண்காட்சிகள், கையில் காயாத எண்ணெய் ஓவியங்கள், வார்னிஷ் அடிக்கலாமா என்று போன மாதம் புலம்பியிருந்தேன். சரி, நிலவரம் இது.

முதல் காட்சிக்கு ஒன்பது தயார். பத்தாவதை விட்டுவிட்டேன். வெள்ளையைக் கத்தியால் அப்பியிருந்தேன். மேலே தோல் கட்டிவிட்டது, அழுத்தினால் உள்ளே இன்னும் கொழகொழ. எண்ணெய் வண்ணம் ஆவியாகிக் காய்வதில்லை, காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகுகிறது. ஹேர் டிரையரைத் தூக்கிக்கொண்டு போனது என் அசட்டுத்தனம். அம்பர் என்கிற பழுப்பு மண் நிறம் பூசிய இடங்கள் மட்டும் சில நாளிலேயே காய்ந்துவிட்டன. அதிலுள்ள மாங்கனீசின் வேலை. டைட்டானியம் வெள்ளைக்கு அந்த அவசரமெல்லாம் கிடையாது.

வார்னிஷுக்கு 6 முதல் 12 மாதம் பொறுப்பது பழைய வழக்கம். அதனால் ரீடச்சிங் வார்னிஷ், அதாவது அதுவரைக்குமான தற்காலிக வார்னிஷ், மட்டும் மெல்லிசாக ஒரு பூச்சு. மங்கிக் கிடந்த கறுப்புகள் எழுந்துவிட்டன! ஆங்கிலேய ஓவியர் டர்னர், படத்தைக் கண்காட்சிச் சுவரில் மாட்டிய பிறகும் தீட்டிக்கொண்டிருப்பாராம். எனக்கு அந்தத் துணிச்சல் இல்லை.

அப்புறம், இரண்டாவது காட்சிக்கு நீர்வண்ணங்கள்தான் போகின்றன. அந்தப் பத்தாவதை ஜன்னலோரம் வைத்திருக்கிறேன், இருட்டில் கிடந்தால் எண்ணெய் மஞ்சளாகிவிடும்.